பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எந்தச் சாயம்? நான்கு வழிகளும் ஒரு தேர்வும்

பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "தாத்தா பாட்டி கல்யாணப் படம் ஒண்ணு இருக்கு, கறுப்பு வெள்ளை. அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருது. அதுக்குள்ள கலர் பண்ணி மாட்டணும். எதுல பண்றது?" கேட்கும்போதே அவர் போனில் ஏதோ ஒரு செயலி இறங்கியிருக்கும். அதில் ஒரு முறை போட்டுப் பார்த்து, பாட்டி ஊதா நிறப் புடவையில் நிற்பதைக் கண்டு பயந்துபோய்த்தான் கேட்கவே வந்திருப்பார்.

எந்த மென்பொருள் என்பதை அப்புறம் பார்க்கலாம். அதற்கு முன்னால் படத்துக்கு என்ன செய்யப்போகிறோம் என்று முடிவாக வேண்டும். படம் முழுவதற்கும் ஒரே சாயம் பூசலாம். நிழலுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று என இரண்டு சாயம் கொடுக்கலாம். லேயர் (படத்தின் மேல் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு அடுக்கு) போட்டு ஒவ்வொரு பொருளுக்கும் கையால் நிறம் தீட்டலாம். இல்லையென்றால் ஏஐயிடம் விட்டுவிடலாம். இந்த நான்கும் ஒரே வேலையின் நான்கு தரங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் இரண்டும் படத்தின் தொனியை மட்டும் மாற்றுகின்றன. பின் இரண்டும் "புடவை இந்த நிறம்" என்று ஒரு தகவலையே சொல்லிவிடுகின்றன. அந்தத் தகவல் உங்களிடம் இருக்கிறதா என்பதில்தான் பாதி முடிவு அடங்கியிருக்கிறது.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

உண்மையான நிறம் தெரியுமா. கறுப்பு வெள்ளையாகும்போது நிறம் போய் வெளிச்ச அளவு மட்டும் மிஞ்சுகிறது. கணினி வழக்கமாகப் போடும் கணக்கில் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 எடை. ஒவ்வொரு நிறத்தின் அளவும் 0 முதல் 255 வரை, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில். இதில் குங்குமச் சிவப்பு ஒன்றையும் (200, 30, 40) இலைப்பச்சை ஒன்றையும் (20, 120, 50) போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் 82தான் வரும், அதாவது ஒரே சாம்பல். பழைய ஃபிலிமில் சிக்கல் இன்னும் அதிகம். ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பே தெரியாது. அதில் எடுத்த படத்தில் குங்குமப் பொட்டு மைப்பொட்டு மாதிரி விழுந்திருக்கும். ஆக, படத்தை உற்றுப் பார்த்து நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாது, மனிதராலும் முடியாது, கணினியாலும் முடியாது. யாராவது சொன்னால்தான் உண்டு.

எங்கே போகப்போகிறது. வாட்ஸ்அப்பா, சுவர் ஃபிரேமா, ஆல்பமா, ஃபிளெக்ஸ் பேனரா? போனில் அழகாகத் தெரியும் மெல்லிய சாயம் ஃபிளெக்ஸில் காணாமல் போகும்.

எத்தனை படம். ஒரே படம் என்றால் அதோடு ஒரு வாரம் மல்லுக்கட்டலாம். பெட்டி நிறைய இருந்தால் முடியாது.

யார் பார்க்கப்போகிறார்கள். படத்தில் இருப்பவரை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா? பேரன் பேத்திகள் எந்த நிறத்தையும் ஏற்றுக்கொள்வார்கள். கூடப் பிறந்தவர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

பணம், நேரம், திறமை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

## எந்த வழியானாலும் முதல் வேலை ஸ்கேன்

படம் கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் ஸ்கேனரைக் கலர் மோடில் வைத்து, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் கோப்பாக எடுங்கள். கலர் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேனல் என்ற தனித்தனி அடுக்குகளாக இருக்கும். மஞ்சள் கறை நீல சேனலில்தான் அதிகம் தெரியும், சிவப்பு சேனல் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். கலரில் எடுத்திருந்தால் அந்த ஒரு சேனலை மட்டும் பிரித்தெடுத்துக் கறையில் பாதியை உட்கார்ந்த இடத்திலேயே தள்ளிவிடலாம். கிரேஸ்கேலில், அதாவது வெறும் சாம்பல் அளவில், எடுத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இன்னொன்று: கோப்பு கிரேஸ்கேல் மோடில் இருந்தால் எந்த நிறத்தைத் தொட்டுப் பூசினாலும் சாம்பலாகத்தான் விழும். "பிரஷ் வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம். முதலில் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) மோடுக்கு மாற்றிவிடுங்கள்.

## வழி 1: படம் முழுவதற்கும் ஒரே சாயம்

இருப்பதிலேயே மலிவானது இதுதான். அவமானப்படும் வாய்ப்பும் இதில்தான் குறைவு. போட்டோஷாப்பில் ஹியூ/சாச்சுரேஷன் லேயர் போட்டு, கலரைஸ் என்ற கட்டத்தை டிக் செய்து, ஹியூவை (எந்த நிறம்) 30லிருந்து 35க்குள்ளும் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தி) 10லிருந்து 15க்குள்ளும் வைத்தால் கண்ணை உறுத்தாத செபியா கிடைக்கும். இலவசமான ஜிம்ப்பிலும் கலர்ஸ் மெனுவில் கலரைஸ் இருக்கிறது. எதையும் நிறுவ மனமில்லாதவர்களுக்கு பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீ போதும். எல்லாரும் செய்யும் தப்பு ஒன்றுதான், சாச்சுரேஷனை ஏற்றிவிடுவது. வேட்டியின் வெள்ளை, கண்ணின் வெள்ளை இரண்டும் மஞ்சளானால் மஞ்சள் காமாலை வந்த மாதிரி ஆகிவிடும்.

செபியாவும் பழுப்பேறிய படமும் ஒன்றல்ல. ஃபிலிம் கழுவும் டார்க்ரூமில் செபியா என்பது வேதிவேலை. படத்தில் உள்ள வெள்ளியை சில்வர் சல்ஃபைடாக மாற்றுவார்கள். அது வெள்ளியைவிட நிலையானது, நிறமும் பழுப்பாகும். வீட்டில் காலத்தால் மஞ்சளேறிய படம் அந்த வகை இல்லை, சரியாகக் கழுவாததாலோ ஈரத்தாலோ கெட்டுப்போனது. அந்த மஞ்சள் மேலேயே செபியா பூசினால் அழுக்கின் மேல் சுண்ணாம்பு அடித்த கதைதான். முதலில் நிறத்தை முழுக்க எடுத்துவிட்டு, கறுப்பையும் வெள்ளையையும் லெவல்ஸ் என்ற கருவியில் சரி செய்துவிட்டு, அதன் பிறகு சாயம்.

நீலச் சாயத்துக்கும் ஒரு பரம்பரை உண்டு. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த சயனோடைப் அது. பழைய அல்சூர் ஏரி, மழையில் நனைந்த கன்டோன்மென்ட் தெரு என்றால் நீலம் நன்றாகவே எடுபடும். முகத்துக்கு மட்டும் வேண்டாம். உதடு நீலமான முகத்தை யார் வீட்டுக் கூடத்திலும் மாட்ட மாட்டார்கள்.

மறைந்த செலவு அச்சில் இருக்கிறது. சுத்தமான கறுப்பு வெள்ளைக் கோப்பைக் கலர் லேபில் கொடுத்தால் லேசான பச்சையோ மெஜந்தாவோ ஏறி வருவது உண்டு. மெல்லிய பழுப்புச் சாயம் இருந்தால் அந்தக் குறை அதற்குள் மறைந்துவிடும். நான் சுவருக்குப் போகும் கறுப்பு வெள்ளைப் படத்துக்கெல்லாம் கொஞ்சம் பழுப்பு கலப்பதற்குப் பாதிக் காரணம் அழகு, பாதிக் காரணம் இது. படம் பூஜை அறையில் மஞ்சள் பல்புக்குக் கீழே போகிறது என்றால் சாயத்தை இன்னும் குறைத்துவிடுங்கள், பல்பே மீதியைப் பூசிவிடும்.

எப்போது இது சரி: நிறம் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாதபோது, நிறையப் படங்கள் இருக்கும்போது, திவசப் படத்துக்கு.

## வழி 2: நிழலுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று

லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் இதற்கு முன்பு ஸ்பிளிட் டோனிங் என்று ஒரு பெட்டி இருந்தது, 2020இல் அதை எடுத்துவிட்டுக் கலர் கிரேடிங் என்று மூன்று வட்டங்கள் கொடுத்தார்கள். இலவசமான டார்க்டேபிளிலும் இந்த வசதி உண்டு. போட்டோஷாப்பின் கிரேடியன்ட் மேப்பில் இன்னும் நேரடி: கறுப்புக்கு ஒரு நிறம், வெள்ளைக்கு ஒரு நிறம் சொன்னால் இடைப்பட்டதை அதுவே நிரப்பும்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிழலில் லேசான நீலம், வெளிச்சத்தில் லேசான பழுப்பு என்பது நல்ல சேர்க்கை. ஒரே சாயத்தைவிட ஆழம் தெரியும். ஆனால் தாத்தா படத்துக்கு இது அவ்வளவு அவசியமா என்றால், இல்லை. பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு வித்தியாசமே தெரியாது.

இந்த வழிக்கான உண்மையான இடம் இன்றைய கல்யாண ஆல்பம். நூற்றுக்கணக்கான படங்களை ஒரே தொனிக்குக் கொண்டுவர இதைவிட வேகமான வழி இல்லை. ஒன்றில் செய்து மற்றதற்கெல்லாம் ஒட்டிவிடலாம். அங்கேதான் வில்லங்கமும் இருக்கிறது. நிழலில் நீலப்பச்சை, தோலில் ஆரஞ்சு என்று விற்கப்படும் பிரீசெட்டுகளை (ஆயத்த நிற அமைப்புகள்) நம் முகூர்த்தப் படத்தில் போட்டால் தாலிக்கயிற்றின் மஞ்சள் ஆரஞ்சாகிறது, அரக்குப் புடவை செங்கல் நிறமாகிறது, வாழைமரம் சாம்பல் பூசிக்கொள்கிறது. மாமனார் மாமியார் எடுத்துக் கொடுத்த புடவையின் நிறம் ஆல்பத்தில் மாறியிருந்தால் அது போட்டோகிராபர் தலையில்தான் விடியும். மஞ்சள், சிவப்பு இரண்டையும் தனியாகக் காப்பாற்றாத பிரீசெட்டை முகூர்த்தத்தில் தொடாதீர்கள். வரவேற்புப் படங்களில் என்ன வேண்டுமானாலும் விளையாடிக்கொள்ளுங்கள்.

இதிலும் ஒரு மறைந்த செலவு உண்டு. 8 பிட் ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். மங்கலான பின்திரையில் சாயத்தை இழுத்தால் பட்டை பட்டையாகப் பிரியும். கேமரா பதிவு செய்த மூலமான ரா கோப்பிலோ 16 பிட் டிஃப்பிலோ செய்தால் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு ஹார்ட்டிஸ்கில் இடம் வேண்டும்.

## வழி 3: லேயர் போட்டுக் கையால் தீட்டுவது

எனக்குப் பிடித்த வழி, ஆனால் எல்லாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடிப்படை எளிது. படத்துக்கு மேலே காலி லேயர் ஒன்று, அதன் பிளெண்ட் மோடை (கீழ் லேயரோடு கலக்கும் விதம்) கலர் என்று மாற்றி, மென்மையான பிரஷால் பூசுவது. கீழே உள்ள வெளிச்சமும் நிழலும் அப்படியே இருக்க, நிறம் மட்டும் ஏறும். தோலுக்கு ஒரு லேயர், புடவை உடலுக்கு ஒன்று, பார்டருக்கு ஒன்று, நகைக்கு ஒன்று, பின்திரைக்கு ஒன்று. பின்னால் யாராவது "பார்டர் பச்சை" என்றால் அந்த லேயரை மட்டும் மாற்றலாம்.

இனிமேல்தான் நுணுக்கம். கலர் மோடில் கறுப்பு கறுப்பாகவே நிற்கும், வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். அதனால்தான் பொட்டுக்குச் சிவப்பு வைத்தால் ஏறுவதில்லை. அந்த இடத்தை மட்டும் தேர்ந்து, கீழே வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் ஒரு கர்வ்ஸ் லேயரில் கொஞ்சம் வெளுப்பாக்கினால்தான் சிவப்பு உட்காரும். அரக்கு, மயில்கழுத்து மாதிரி அடர்நிறப் புடவைகளுக்கும் இதே வைத்தியம். நகைக்கு நேர் எதிர்: பளபளக்கும் புள்ளியை வெள்ளையாகவே விட்டுவிட்டு நடு அளவில் மட்டும் மஞ்சளைக் கொடுங்கள், தங்கம் தங்கமாகத் தெரியும். முழுக்கப் பூசினால் பிளாஸ்டிக்.

தோல்தான் கடைசிப் பரீட்சை. ஒரே நிறத்தை முகம் முழுக்கப் பூசினால் பொம்மை மாதிரி ஆகிவிடும். நெற்றியில் மஞ்சள் கொஞ்சம் தூக்கலாகவும், கன்னம், காது, மூக்கு நுனியில் சிவப்பு கொஞ்சம் தூக்கலாகவும் இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் தோல் நிறப் பட்டியல்களை ஒதுக்கிவிடுங்கள். அதே வீட்டு மகன் அல்லது மகளை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து, அதிலிருந்து ஐட்ராப்பரால் நிறம் தொட்டுக்கொள்வது எவ்வளவோ மேல்.

நிறம் விசாரிப்பது இதில் பாதி வேலை. கல்யாணப் புடவை பீரோவில் இருந்தால் அதிர்ஷ்டம், பகல் வெளிச்சத்தில் விரித்துப் படம் எடுங்கள். புடவை இல்லையென்றால் ஆளைத் தேடுங்கள். ஒரு வீட்டில் எல்லாரும் மாம்பழ நிறம் என்று முடிவு செய்து வைத்திருந்தார்கள். வேலூரிலிருந்த பெரியம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்ததும் அவர் சொன்னது: "மாம்பழமும் இல்ல ஒண்ணும் இல்லப்பா. வெங்காயச் சருகு. பார்டர்தான் அரக்கு. அந்தப் புடவையை எனக்குக் கொடுக்கறேன்னு சொல்லிட்டு உங்க அத்தைக்குக் கொடுத்துட்டாங்க." அந்தக் கோபம் இருந்ததால் நிறத்தில் சந்தேகமே வரவில்லை.

ஆவணத்தில் கிடைக்கும் நிறங்களும் உண்டு. அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்ற ராணுவப் பிரிவின் மையம் இருப்பதால் இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ராணுவ உடையில் ஒரு தாத்தா படம் இருக்கும். மார்பில் ரிப்பன் பட்டை தெரிந்தால் அதை ஊகிக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பர்மா ஸ்டார் என்றால் நடுவில் அகலமான சிவப்பு, இரு பக்கமும் கருநீலம், ஒவ்வொரு நீலத்தின் நடுவிலும் ஒரு ஆரஞ்சுக் கோடு. கறுப்பு வெள்ளையில் கோடுகளின் அகலம் தெரிந்தால் எந்தப் பதக்கம் என்று பொருத்திப் பார்த்து அப்படியே தீட்டலாம். இந்த இடத்தை ஏஐ பெரும்பாலும் பழுப்புத் தீற்றலாக விட்டுவிடும்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் படத்தில் கன்னத்திலும் பார்டரிலும் ஏற்கெனவே லேசான நிறம் தெரிந்தால் அது அந்தக் காலத்து ஸ்டுடியோவில் பிரின்டின் மேலேயே கையால் பூசியது. அதை அழித்துவிட்டுப் புதிதாகக் கலர் பண்ணாதீர்கள். கறையை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள்.

மறைந்த செலவு நேரம். ஒரு ஆள் படம் ஒரு மாலையில் முடியலாம், பதினைந்து பேர் நிற்கும் குடும்பப் படம் பல வாரம் இழுக்கும். மவுஸில் செய்தால் மணிக்கட்டு வலி இலவசம், ஒரு சின்ன பென் டேப்லெட் வாங்குவது புத்திசாலித்தனம்.

எப்போது இது சரி: ஒன்றிரண்டு முக்கியமான படங்கள், நிறம் சொல்ல ஆள் உண்டு, பெரிய ஃபிரேம், அவசரமில்லை.

## வழி 4: ஏஐயிடம் கொடுப்பது

ஜேசன் ஆன்டிக் 2018இல் வெளியிட்ட டிஓல்டிஃபை, 2020இல் வந்த மைஹெரிட்டேஜ் இன் கலர், அதே ஆண்டு போட்டோஷாப்பில் சேர்ந்த நியூரல் ஃபில்டர் கலரைஸ் எல்லாம் அடிப்படையில் ஒரே ஜாதி. ஏராளமான கலர் படங்களைப் பார்த்துப் பழகிய நிரல், உங்கள் சாம்பலுக்கு எந்த நிறம் பொருந்தும் என்று ஊகிக்கிறது. சில நொடி வேலை. வானம், மரம், மண் தரை, மரநாற்காலி எல்லாம் பெரும்பாலும் சரியாக வரும்.

நம் படங்களில் அது எங்கே தடுக்கி விழுகிறது என்றும் சொல்லிவிடலாம். புடவையை நீலமோ ஊதாவோ ஆக்குவதில் அதற்கு ஒரு தனி ஆசை. பார்டரும் உடலும் ஒரே நிறமாகும். பொட்டு கறுப்பாகவே நிற்கும். தோல் ரோஸ் பக்கம் சாயும், வெளிச்ச அளவு மாறாவிட்டாலும் ஆள் வெளுத்த மாதிரி ஒரு தோற்றம் வரும். எதிலுமே அது தயங்காது, தெரியாத இடத்தையும் தெரிந்த மாதிரியே பூசும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, பேசிக் கேட்டால் படம் தரும் புது வகை செயலிகள். அவை நிறத்தை மட்டும் சேர்ப்பதில்லை, படத்தையே புதிதாக வரைகின்றன. பளிச்சென்று இருக்கும், ஆனால் மூக்கு ஒரு நூல் மாறியிருக்கும், தெத்துப்பல் சரியாகியிருக்கும். சந்தேகம் இருந்தால் அசல் ஸ்கேனை அதன் மேல் லேயராக வைத்து, வித்தியாசத்தை மட்டும் காட்டும் டிஃபரன்ஸ் மோடில் பாருங்கள். இரண்டையும் முதலில் சாம்பலாக்கிக்கொள்ள வேண்டும். முகக்கோடுகள் நகராமல் இருந்தால் படம் கிட்டத்தட்டக் கறுப்பாகும். கண், வாய் பக்கம் உருவம் தெரிந்தால் அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டாதீர்கள்.

மறைந்த செலவு: இலவசம் என்று தொடங்கிப் பெரிய அளவுக்குப் பணம் கேட்கும் தளங்கள் உண்டு. சிலவற்றில் மூலையில் முத்திரை விழும். குடும்பப் படம் யாரோ ஒருவரின் சர்வருக்குப் போகிறது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது. நான்கு வழிகளில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஏஐ தந்த சிறிய படத்தை அசல் ஸ்கேன் அளவுக்குப் பெரிதாக்கி, அந்த ஸ்கேனின் மேல் கலர் மோடில் லேயராக வையுங்கள். நம் கண் கூர்மையை வெளிச்ச வித்தியாசத்தில்தான் பார்க்கிறது, நிறம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் கண்டுகொள்ளாது. அதனால் விவரம் முழுக்க உங்கள் ஸ்கேனிலிருந்து வரும், நிறம் மட்டும் ஏஐயிடமிருந்து வரும். அந்த லேயரின் ஒபாசிட்டியை (மேலே எவ்வளவு அழுத்தமாகத் தெரியும் என்பது) 40 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு, புடவை, பொட்டு, நகை, தோல் நான்கையும் கையால் திருத்துங்கள். பின்திரை, தரை, நாற்காலி எல்லாம் அதன் பாடு. இப்போது என்னிடம் வரும் வேலையில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது.

## ஒரே பார்வையில்

| | ஒரே சாயம் | இரட்டைச் சாயம் | கையால் | ஏஐ |
|---|---|---|---|---|
| நேரம் | நிமிடங்கள் | நிமிடங்கள், பிறகு ஒட்டுவது | மணிகள் முதல் வாரங்கள் | நொடிகள் |
| இலவசக் கருவி | ஜிம்ப், போட்டோபீ | டார்க்டேபிள் | ஜிம்ப், போட்டோபீ | டிஓல்டிஃபை |
| நிறத்தின் நம்பகம் | நிறம் சொல்வதே இல்லை | நிறம் சொல்வதே இல்லை | விசாரித்த அளவுக்கு | ஊகம் |
| எங்கே சறுக்கும் | வெள்ளை மஞ்சளாவது | தாலிமஞ்சள், அரக்கு | தோல் | புடவை, பொட்டு, ரிப்பன் |
| நிறையப் படங்களுக்கு | மிக நன்று | மிக நன்று | நடக்காது | பரவாயில்லை |
| எங்கே மாட்ட | திவசப் படம், கூடம் | ஆல்பம் | பெரிய ஃபிரேம் | வாட்ஸ்அப் குரூப் |

## ஸ்டுடியோவில் கொடுப்பதென்றால்

தாராளமாகக் கொடுக்கலாம், பெங்களூரில் இதைச் செய்பவர்களுக்குப் பஞ்சமில்லை. விலை பேசும் முன் இரண்டு கேளுங்கள். கையால் செய்கிறார்களா, ஏஐயில் போட்டுத் தருகிறார்களா? பிரின்டோடு லேயர் பிரியும் கோப்பும் கிடைக்குமா? இரண்டாவதற்கு "அதெல்லாம் தர மாட்டோம் சார்" என்று பதில் வந்தால், பின்னால் பார்டர் நிறம் மாற்ற வேண்டியிருந்தால் மறுபடி முழுக்காசு என்று அர்த்தம்.

## அச்சுக்குப் போகும் முன்

போட்டோ லேபுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற அமைப்பில் ஜேபெக் கொடுங்கள். முதலில் 4க்கு 6 அங்குல அளவில் ஒன்று போட்டு, எங்கே மாட்டப்போகிறீர்களோ அந்தச் சுவர் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரிதாக்குங்கள். ஃபிளெக்ஸ் என்றால் நிறங்கள் அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கேக்கு மாறும்போது பளிச்சென்ற நீலமும் பச்சையும் மங்கும், மெல்லிய செபியா கண்டபடி சாயும். பேனருக்கு மட்டும் சாயத்தைக் கொஞ்சம் தூக்கலாக வைத்து வேறொரு கோப்பாகக் கொடுப்பது நல்லது.

அசல் ஸ்கேனின் மேல் எதையும் சேமிக்காதீர்கள். கலர் பண்ணிய கோப்பு எப்போதும் வேறு பெயரில் இருக்கட்டும். பிரின்டின் பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதிவையுங்கள்: "புடவை, பார்டர்: பெரியம்மா சொன்னது. ரிப்பன்: பதக்கப் பட்டியல் பார்த்தது. பின்திரை, கம்பளம்: ஊகம்."